குச்சவெளிக் கரையில் ஒரு நேரலை

போன வருடம், மாரி தொடங்கியிருந்த நேரம். அதற்குச் சில மாதங்கள் முன்புவரை திருகோணமலையில் ஒரு பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். விளம்பரங்கள் எல்லாம் இணையத்துக்குப் போய்விட, பத்திரிகை அச்சடிப்பதை நிறுத்திவிட்டு இணையத்தளமாக மாறியது. அலுவலகத்தையும் மூடினார்கள். கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போக, ஓர்ஸ் ஹில்லில் நான் தனியாக இருந்த வாடகை அறையே அலுவலகமானது. செய்தியால் தளத்துக்கு வருமானம் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் போடும் மரண அறிவித்தல்களும் செத்தவீட்டு நேரலைகளும்தான் அதை நடத்தின. செய்தி எழுதிக்கொண்டிருந்த நான், செத்தவீடுகளில் கமெராப் போனுடன் நிற்கத் தொடங்கினேன். வேலை இல்லாத நாட்களில் கடைக்காரரைத் தவிர வேறு ஒருவரோடும் கதைத்திருக்க மாட்டேன்.

அன்று குச்சவெளியில் ஒரு கடற்றொழிலாளியின் செத்தவீடு. மனைவி முந்தியே காலமாகிவிட்டார். ஒரே மகள் கனடாவில். அங்கே விசா முடிவாகாததால் வர முடியவில்லை. அவள்தான் நேரலைக்கு ஏற்பாடு செய்திருந்தாள்.

பெட்டியை மூடப்போகும் நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. சட்டைப்பையில் இருந்த என் சொந்தப் போன் அடித்தது.

“அண்ணா, இஞ்ச ஒண்டும் தெரியேல்ல. அப்பாவை மூடிப்போட்டாங்களா?”

“இல்லை தங்கச்சி. கொஞ்சம் பொறுங்கோ.”

இறந்தவரின் தம்பியிடம் சொன்னேன். ஐயர் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். தம்பி ஒரு கணம் தமையனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வளவுக்க எப்பவும் இப்பிடித்தான். தோணி இழுத்து வைக்கிற இடத்தில சிக்னல் வரும். அண்ணனை அங்க கொண்டு போவம்.”

மூடாமலே தூக்கினார்கள். முகத்தில் தூறல் படாமல் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கரையில் படம் வந்தது. தம்பி என் போனை வாங்கி, தமையனின் காதோடு வைத்துப் பிடித்தார். மகள் பேசினாள். நான் தள்ளிப் போய் நின்றேன்.

பிறகு பெட்டியை மூடி மயானத்துக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பாதையில் சிக்னல் இல்லை. என் வேலை அத்தோடு முடிந்தது. நேரலையை நிறுத்தக் கை வைத்தபோதுதான் கவனித்தேன், பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒருவர். போன் திரும்ப அடித்தது.

“நிப்பாட்டிப் போடாதேங்கோ அண்ணா. இஞ்ச அறையில நான் தனிய.”

“ஓம்” என்றேன். கமெராவைக் கடல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒரு தோணியில் சாய்ந்து நின்றேன். அவளுடைய அழைப்பையும் துண்டிக்கவில்லை. அடுத்த நேரலை பற்றிக் கேட்கத் தளத்தை நடத்துபவர்கள் அழைத்தார்கள், எடுக்கவில்லை. அந்த வெறும் கரையில் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது போலவே எனக்கு இருந்தது.

சட்டை முழுக்க நனைந்த பிறகு, “காணும் அண்ணா. நீங்களும் வீட்ட போங்கோ” என்றாள்.

இப்போது எந்தச் செத்தவீடு முடிந்தாலும் நான் நேரலையை உடனே நிறுத்துவதில்லை. எங்கோ ஓர் அறையில், எல்லாரும் கலைந்து போன முற்றத்தையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல் யாருக்காவது இருக்கலாம்.