திருவெள்ளறைக் கிணற்றுக்கு எத்தனை வழி

ஒரு கிணற்றைப் பார்க்க நானும் அம்மாவும் பதின்மூன்று மைல் போனோம். போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கோபத்தோடு எழுதிக்கொண்டே போனால் பஸ் நேரத்தைத் தப்பாகப் போட்டுவிடுவேன்.

1962 தை மாதம். திருச்சியில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முப்பது ஆண்கள், ஐந்து பெண்கள். வருடா வருடம் எங்கள் விரிவுரையாளர் மாணவர்களை இரண்டு நாள் ஸ்ரீரங்கத்துக்கும் திருவெள்ளறைக்கும் அழைத்துப்போவார். திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் பார்த்ததைக் கட்டுரையாக எழுதித்தர வேண்டும். எது சிறந்த கட்டுரையோ அதை எழுதியவருக்குத் துறையிலிருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் கிடைக்கும். சென்னையில் எம்.ஏ. படிக்க உதவித்தொகையும் விடுதியில் இடமும் வேண்டுமானால் அந்தக் கடிதம் இல்லாமல் நடக்காது. அப்பா ரயில்வேயில் தளவாடம் தூக்கும் கலாசி. அம்மா காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிப்பவள். கடிதம் கிடைக்காவிட்டால் என் படிப்பு பி.ஏ.யோடு சரி.

டூருக்கு முந்தின நாள் விரிவுரையாளர் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டார். "பொம்பளப் புள்ளைங்களை வெளியில கூட்டிக்கிட்டுப் போனா நாளைக்கு நான்தாம்மா பதில் சொல்லணும். நீங்க நோட்ஸைப் பார்த்து எழுதிடுங்க, போதும்" என்றார். நோட்ஸ் என்றால் அவர் வகுப்பில் வரி வரியாகச் சொல்லி எங்களை எழுதவைப்பது. அவர் மாணவராக இருந்தபோது அவருடைய பேராசிரியர் சொல்லி எழுதவைத்ததாம் அது. தாள்கள் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருக்கும். பார்க்காத கோயிலைப் பார்த்ததுபோல எழுதச் சொல்கிறார் என்பது எனக்கு அப்போதே சுருக்கென்று தைத்தது. ஆனால் எதிர்த்துப் பேசும் பழக்கமே எனக்குக் கிடையாது.

ஆண்கள் போய்வந்தார்கள். "நீங்க வராததே நல்லதுங்க, வெயில்ல கறுத்திருப்பீங்க" என்று ஒருவன் சொல்ல, பின்வரிசை சிரித்தது. அந்தச் சனிக்கிழமையே புறப்பட்டுவிட்டேன். தனியாக அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் கூலி போனால் போகிறது என்று அம்மா கூட வந்தாள்.

புத்தூர் நால்ரோட்டில் காலை 6.10க்கு டவுன் பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஆளுக்குப் பன்னிரண்டு நயா பைசா. காவிரிப் பாலத்தைத் தாண்டி, மொட்டைக் கோபுரத்தின் பக்கத்தில் இறங்கும்போது மணி ஏழு. கல்வெட்டு பார்க்க வருகிறவர்களுக்கு இந்த நேரம்தான் சரி. வெயில் சாய்வாக விழுவதால் எழுத்து நன்றாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் கண் கூசும், எழுத்தும் கல்லோடு கல்லாகிவிடும். இன்னொரு தொல்லை சுண்ணாம்பு. திருவிழாவுக்குத் திருவிழா வெள்ளையடித்து, பல சுவர்களில் எழுத்தின் பள்ளமெல்லாம் அடைந்துபோயிருக்கிறது. வரலாற்றை இப்படி மெழுகி மூடுவதற்கும் ஒரு கூலி கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சுவரில் முகத்தை ஒட்டவைத்தபடி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாகத் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் தீர்த்தச் செம்போடு வந்தார்.

"என்னம்மா, வந்ததுலேர்ந்து சுவரையே சேவிச்சுண்டிருக்கே? பெருமாள் உள்ளே இருக்கார்."

"அவ பரீட்சைக்கு இந்தச் சுவருதாங்க பெருமாளு" என்றாள் அம்மா.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனார். அன்றைய பொழுதில் நானும் சிரித்தது அப்போதுதான்.

எட்டரை மணிக்குத் தெற்கு வாசல் பக்கம் ஒரு காப்பிக் கிளப்பில் நுழைந்தோம். இரண்டு இட்லியும் காப்பியும் சேர்த்து ஆளுக்கு முப்பது நயா பைசா. என் கையிலிருந்த, கல்லூரிப் பெயர் போட்ட நோட்டைப் பார்த்துப் பரிமாறுகிறவர் கேட்டார்.

"காலேஜா? போன வாரம் உங்க காலேஜ் பையன்கள்தான் இங்கே அமர்க்களப்படுத்தினான்கள். ரெண்டு நாளும் மூணு வேளையும் நம்ம கடைதான். சாம்பார் வாளி வாளியாப் போச்சு."

"திருவெள்ளறைக்கு எப்பங்க போனாங்க?" என்று கேட்டேன்.

"திருவெள்ளறையா? மொத நாள் மத்தியானம் எல்லாருமா சினிமாவுக்குப் போனா. மறுநாள் காவேரியில, அம்மா மண்டபம் படித்துறையில ஸ்நானம். அவா வாத்தியாருக்குக் கால் வலியாம், தங்கியிருந்த எடத்துலயே படுத்துண்டுட்டார். இதுல திருவெள்ளறைக்கு எங்கே போறது?"

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். அம்மா தன் தட்டைக் காலி செய்துவிட்டு என் தட்டையும் இழுத்துக்கொண்டாள். "நீ பொண்ணாப் பொறந்ததும் நல்லதுக்குத்தான். இல்லாட்டி நீயும் சினிமா பார்த்துட்டு வந்து கதை எழுதியிருப்ப" என்றாள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெள்ளறை போகத் திரும்பவும் சத்திரத்துக்கு வர வேண்டாம். திருவானைக்காவல் வரை ஜட்கா வண்டி கிடைக்கும், ஒன்றரை மைல்தான். நாங்கள் நடந்தோம். அங்கே துறையூர் பஸ் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. டிக்கெட் ஆளுக்கு முப்பத்தைந்து நயா பைசா. கொள்ளிடப் பாலம், நெ.1 டோல்கேட், மண்ணச்சநல்லூர் என்று போகும். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளின் தவிட்டு வாசனை பஸ்ஸுக்குள் ஏறி, அடுத்த ஊர் வரை கூடவே வந்தது. கண்டக்டரிடம் திரும்பும் பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவர் சொன்னது, "நாலரைக்கு ஒண்ணு இருக்கும்மா. அதை விட்டுட்டீங்கன்னா பெருமாளோட படுத்துக்க வேண்டியதுதான்."

பத்தே கால் மணிக்கு இறங்கினோம். சாலையிலிருந்தே கோயில் மதிலும், முடியாமல் நிற்கும் கோபுரமும் தெரிகின்றன. பத்து நிமிட நடை. தை பிறந்துவிட்டதால் ஆனி வரை திறந்திருக்கும் உத்தராயண வாசல் வழியாக உள்ளே போய்ச் சேவித்துவிட்டு வந்தோம். கிணறு கோயிலுக்குத் தெற்கே, மதிலுக்கு வெளியே இருக்கிறது. பல்லவர் காலத்தில் வெட்டியது. கல்வெட்டும் கிணற்றோடுதான் இருக்கிறது.

நோட்ஸில் இருந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "இக்கிணற்றினுள் இறங்குவதற்கு ஒரு படிவழி மட்டுமே உண்டு." எந்தக் கேள்வித்தாளில் வந்தாலும் அப்படியே எழுதுவோம். நான் ஒரு பக்கத்தில் இறங்கினேன். படி நேராகப் போய் ஒரு திருப்பத்தில் வளைந்து தண்ணீரில் முடிந்தது. ஒரு பெண் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வழிதான் போலிருக்கிறது என்று நானும் எழுதிவிட்டேன். அப்போது அம்மாவின் குரல் தண்ணீருக்கு மேலாக வந்தது. ஆளைக் காணோம்.

"ஏண்டி, எங்க இருக்க?"

"இங்கதாம்மா, தண்ணிகிட்ட!"

"நானும் தண்ணிகிட்டதாண்டி நிக்கிறேன்!"

துவைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "நாலு பக்கமும் படி இருக்குங்க. ஒருத்தர் இறங்கினா இன்னொருத்தருக்குத் தெரியாது. மாமியாளும் மருமவளும் ஒரே நேரத்துல குளிக்கலாம், சண்டையே வராது."

மேலே ஏறிச் சுற்றி வந்தேன். நான்கு திசையிலும் நான்கு வழிகள், ஒவ்வொன்றும் பாதியில் ஒரே மாதிரி திரும்பி உள்ளே இறங்குகின்றன. மேலேயிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். அம்மா ஒவ்வொரு வழியிலும் இறங்கி ஏறி, "ஒண்ணு", "ரெண்டு" என்று எனக்குக் கேட்கும்படி கத்தினாள். நாலாவதில் மூச்சு வாங்க மேலே வந்து, "எழுதிக்கோ" என்றாள். அந்தப் பழைய பேராசிரியர் எப்போதோ அவசரமாக வந்து, ஒரு வழியில் இறங்கி அதே வழியில் ஏறிப் போயிருக்க வேண்டும். அவரைக்கூட மன்னித்துவிடலாம். அவர் வரவாவது வந்தார்.

துவைக்கும் பெண்ணிடம் அம்மா, போன வாரம் காலேஜ் பையன்கள் வந்தார்களா என்று கேட்டாள்.

"ஈ காக்கா வரலைங்க. வாசல்ல ஒரு பஸ்ஸு நின்னாலே ஊர்ப் புள்ளைங்க பின்னாலயே ஓடும். எங்களுக்குத் தெரியாமப் போவுமா?"

நாலரை பஸ் நாலே முக்காலுக்கு வந்தது. ஆறரைக்குப் புத்தூரில் இருந்தோம்.

பன்னிரண்டு பக்கம் எழுதி, கிணற்றின் படமும் போட்டுக் கொடுத்தேன். நான்காம் நாள் விரிவுரையாளர் தன் அறைக்கு வரச் சொன்னார். என் கட்டுரை மேசைமேல் இருந்தது. 'நான்கு' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"இங்க பாரும்மா. வகுப்புலயே உன்னுதுதான் நல்லா இருக்கு. அதுல ஒண்ணும் சந்தேகமில்ல. ஆனா முப்பது பேரும் ஒரு வழின்னு எழுதியிருக்காங்க. பிரின்சிபால் எல்லாத்தையும் படிப்பார். நீ ஒருத்தி மட்டும் நாலுன்னு எழுதினா என்ன ஆகும்?"

"நாலுதாங்க சார் இருக்கு. எண்ணிப் பார்த்தேன்."

"இருக்கட்டும்மா. நான் இல்லைன்னா சொல்றேன்? இந்த ஒரு இடத்தை மாத்திக் குடு, படத்தை எடுத்துடு. கடிதம் உனக்குத்தான். இல்லைன்னா இதை நான் மேல அனுப்ப முடியாது."

அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, ஒரு பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அறைக்கு வெளியே போய் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். பிரின்சிபாலிடமே போயிருக்கலாம். இந்த இரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை நூறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்று பேனாவை எடுத்தேன். 'நான்கு' என்பதை அடித்து 'ஒன்று' என்று எழுதினேன். படம் இருந்த தாளைக் கிழித்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். "நன்றிங்க சார்" என்றுகூடச் சொன்னேன்.

கடிதம் வந்தது. 'நேரில் கண்டு ஆராய்ந்து எழுதும் இயல்புடையவர்' என்று அதில் எழுதியிருந்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நாலு வழின்னு எழுதினதுனாலதானே குடுத்தாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இதைச் சென்னை விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன மாதம் கல்லூரியில் இப்போது படிக்கும் ஒரு பெண் கடிதம் போட்டிருந்தாள். பழைய மஞ்சள் நோட்ஸை விட்டுவிட்டார்களாம். திருவெள்ளறைக்கு இப்போது என் கட்டுரையைத்தான் மாதிரி என்று தட்டச்சு அடித்துக் கொடுக்கிறார்களாம். 'அக்கா, அப்படியே மனப்பாடம் செய்துவிட்டேன்' என்று எழுதியிருந்தாள். இந்த வருடமும் பெண்களை அழைத்துப்போகவில்லையாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சத்திரத்திலிருந்து நேராகப் போனாலும் துறையூர் பஸ்தான். ஸ்ரீரங்கம் வழியாகப் போனால் காலை ஏழு மணிக்குச் சுவரின் முன் நில்லுங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காக அதன்மேல் மாவோ சுண்ணாம்போ தடவாதீர்கள், ஈரத்துணி போதும். குடிக்கத் தண்ணீரும் மத்தியானச் சாப்பாடும் கையில் எடுத்துப்போங்கள், திருவெள்ளறையில் கடை கிடையாது. இரண்டு பேருக்கு ஒரு நாள் செலவு மூன்று ரூபாய்க்குள் முடியும். பெண்களை அழைத்துப்போக மாட்டோம் என்றால் அம்மாவையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள், யாரையும் கேட்க வேண்டாம். என் பெயர் போட்ட அந்தத் தட்டச்சுத் தாள் உங்கள் கையில் இருந்தால், ஏழாம் பக்கத்தில் வழி 'ஒன்று' என்றிருப்பது பொய். அந்தப் பொய்யை எழுதியது நான். அதை அடித்து 'நான்கு' என்று எழுதி, கட்டுரையை உங்கள் பெயரில் கொடுங்கள். பேனாவை உங்கள் பக்கம் நகர்த்தினால் தொடாதீர்கள்.