ஷோகேஸின் வலப்பக்கக் கதவு

எங்கள் வீட்டு ஷோகேஸுக்குக் கண்ணாடி இல்லை. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் கதவுகள் இரண்டு. வாங்கியபோது மேலே ஒட்டியிருந்த பொலித்தீனை அம்மா உரிக்க விடவில்லை. உரித்தால் கீறல் விழுமாம். லண்டனிலிருந்து அண்ணை வரும்போது உரிக்கலாமாம்.

அதற்குள் நான் பட்டம் பெற்றேன். அப்பாவும் அண்ணையும் சிறுவயதிலேயே படிப்பை விட்டு மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர்கள்; அண்ணை லண்டன் போனது பிறகுதான். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த என் பட்டமளிப்புப் படத்தை வலப்பக்கத்தில் வைத்தோம். அன்றும் பொலித்தீன் உரியவில்லை. வந்தவர்கள் அந்த மங்கலுக்குள் எட்டிப் பார்த்து, "ஆர் பிள்ளை உது?" என்று கேட்டார்கள்.

போன மாதம் அண்ணை கலியாணம் கட்டிய கையோடு மச்சாளைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றதும் அம்மா சொன்னார்: "உரியடி பிள்ளை. மச்சாள் என்ன நினைப்பா?"

"என்ரை படத்துக்கு உரிக்கேல்லை."

"உனக்கு எரிச்சலடி."

ஓம், எரிச்சல்தான்.

வெயிலில் காய்ந்த பொலித்தீன் நகத்தளவு துண்டுகளாகவே பிய்ந்தது. அம்மா படகுப் பெயின்ற்றில் கலக்கும் தின்னரையும் ஒரு கத்தியையும் கொண்டுவந்தார்.

"அதைப் பூசினால் பிளாஸ்ரிக் வெடிச்சுப்போம். கத்தியும் வேண்டாம்," என்று தடுத்தேன்.

தலைமயிர் காயவைக்கும் மெஷினால் இளஞ்சூடு காட்டி, ஒரு மூலையைக் கிளப்பி, கதவோடு படிந்தாற்போல் மெல்ல இழுத்தேன். பாளமாக வந்தது. மிஞ்சிய பசையில் நல்லெண்ணெய் தடவி ஊறவிட்டு, பழைய பருத்திச் சேலைத் துண்டால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவினேன். ஒரு கீறலும் இல்லை. நான் தொடங்கியது வலப்பக்கக் கதவில். என் முகம் தெளிவாகத் தெரிந்தது.

இடப்பக்கத்தில் கை வைக்குமுன் விமானநிலையத்தில் ஏறிய வான் எங்கள் தெருச் சந்திக்கு வந்துவிட்டதாக அண்ணை ஃபோன் எடுத்தார். அம்மா அண்ணை அனுப்பியிருந்த கலியாணப் படத்தோடு ஓடிவந்தார். அது இடப்பக்கத்துக்கென்று வைத்திருந்தது.

"உதுக்குள்ளை ஒண்டும் தெரியாது. இதிலை வைப்பம்," என்று வலப்பக்கக் கதவைத் தள்ளி, என் படத்துக்கு முன்னால் அதை நிறுத்தினார். எனக்குத் தொப்பி மட்டும் மிஞ்சியது.

வான் வாசலில் நின்றதும் அம்மா வெளியே ஓடினார். நான் கதவைத் திறந்து என் படத்தை முன்னுக்கு எடுத்து வைத்தேன்.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். அம்மாவின் கண் நேரே ஷோகேஸுக்குப் போனது. புது மருமகளுக்கு முன்னால் என்னை ஏச முடியவில்லை.

"போய் மச்சாளுக்குத் தேத்தண்ணி போடு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மச்சாள் ஷோகேஸுக்குக் கிட்டப் போய்க் குனிவதைப் பார்த்த பிறகுதான் குசினிக்குப் போனேன்.