சீட் இறங்காத சைக்கிள்

ராக்கம்மா சைக்கிள் விடுவதைப் பார்த்துவிட்டுச் சிரிக்காதவர்கள் மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன். அது ஜப்பான் சண்டைக்கு முந்தி இங்கிலாந்திலிருந்து வந்த ஆம்பளை சைக்கிள். அவள் புருஷன் சன்னாசியின் நெட்டைக் காலுக்கு ஏற்றபடி ஏற்றி வைத்த சீட். ராக்கம்மாவுக்கோ ஐந்தடிகூட இல்லை. பெடலை எட்டிப் பிடிப்பதற்காக ஒரு தரம் இந்தப் பக்கம் சரிவாள், மறு தரம் அந்தப் பக்கம் சரிவாள். மரத்தில் பால் வெட்டப் போட்டுப் போகும் அதே காற்சட்டை, அதன்மேல் கைலி, தலையில் துண்டு. பதினோராம் கட்டைத் தோட்டத்தில் சைக்கிள் விட்ட ஒரே பொம்பளை அவள்தான்.

சீட்டை இறக்கி வைக்கச் சொல்லி எல்லாரும் புத்தி சொன்னார்கள். இறங்கினால்தானே? டவுனில் சைக்கிள் கடைச் சீனர் நட்டைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது, அடித்தால் பைப் உடைந்துவிடும் என்று கையை விரித்துவிட்டார். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

நான் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. ஆபீசில் துரைக்கும் சனத்துக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வதும் என் வேலை. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்கிறவன் இந்த இராஜமாணிக்கம் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ராக்கம்மா பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான். ஜப்பான் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது சன்னாசியையும் பிடித்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடலில் லாரி நின்றது. பேர் வாசித்தவர்கள் எல்லாரும் ஏறியாக வேண்டும். பக்கத்தில் சிப்பாய் நின்றதால் யாரும் வாய் திறக்கவில்லை. சன்னாசி மட்டும் ஏறுவதற்கு முன் பெண்டாட்டியைப் பார்த்து, "எத வேணும்னாலும் வித்துத் தின்னு. சைக்கிள மட்டும் யாருக்கும் குடுத்துடாத" என்றான். லாரி போய்விட்டது. அவனைப் பற்றிய சேதி பிறகு வரவே இல்லை.

அவளும் கொடுக்கவில்லை. அரிசி என்பதைக் கண்ணால் பார்க்காத காலம் அது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று சனத்துக்குக் கால் வீங்கிக்கிடந்தது. அந்த சைக்கிளுக்கு ஒரு மூட்டை கிழங்கு மாவு தருகிறேன் என்று மந்தின் டவுனிலிருந்து ஓர் ஆள் இரண்டு தரம் வந்தான். பிறகு அரை மூட்டை என்றான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். புருஷன் திரும்பி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது.

மகள் மயிலுக்கு அப்போது ஆறு வயசு. முகம் ஊதி, வயிறு ஊதி, எழுந்து நிற்க முடியாமல் போனதும் ராக்கம்மா பிள்ளையை அந்த சீட்டில் உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு, சிரம்பானுக்குப் பதினோரு கட்டையும், அதாவது பதினோரு மைலும், தள்ளிக்கொண்டே நடந்தாள். அவளுக்கு அப்போது சைக்கிள் விடத் தெரியாது. அங்கே ஒரு டாக்டர் பார்த்தார். இது நோயில்லை அம்மா, பசி. பத்து நாளைக்கு அரிசிக் கஞ்சி கொடு, பிள்ளை எழுந்து நடக்கும் என்றார். அரிசிக்கு அவள் எங்கே போவாள்? திரும்பி வந்த மூன்றாம் நாள் மயிலு போய்விட்டாள். அதற்கு எட்டாம் நாள், திரும்பி வந்த வெள்ளைக்காரனின் முதல் அரிசி லாரி தோட்டத்துக்குள் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து ராக்கம்மா சைக்கிள் பழக ஆரம்பித்தாள். விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள். இந்த வயசில் இது எதற்கு என்று கேட்டவர்களிடம், அன்றைக்கு விடத் தெரிந்திருந்தால் பிள்ளையைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன் என்பாள். சேர்த்திருந்தாலும் அரிசி கிடைத்திருக்காது என்பதை அவளிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

அவசர காலம் வந்து தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஒரே கேட். சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டினால் காலையில்தான் திறப்பார்கள். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட வேண்டும் என்று அரிசிக்கு ரேஷன், வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோகக்கூடத் தடை. கேட்டில் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், தூக்குவாளியைத் திறந்து பார்ப்பார்கள். அரிசியோடு பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கே அனுப்பிவிட்டார்கள் என்றும் பேச்சு.

அந்தக் காலத்திலும் எங்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மாசி மாசத்தில் ரப்பர் மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். துரைமார் அதற்குக் குளிர்காலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வேர்வையில் நனைந்துகொண்டே குளிர்காலம் என்று சொல்ல அவர்களால்தான் முடியும். அப்போது பால் குறைந்துவிடும் என்பதால் சில நாள் வெட்டு இருக்காது. அந்த லீவில் ஒரு நாள் ராக்கம்மாவும் நானும், கொட்டாயில் ரப்பர் ஷீட் புகை போடும் ஆறுமுகமும், அவன் பின்னால் கேரியரில் உட்கார்ந்து அவன் பெண்டாட்டி பாஞ்சாலையுமாக, மூன்று பழைய சைக்கிளில் சி ரூசா கடற்கரைக்குப் போவோம். கையில் சோறு கிடையாது. டவுன் கடையில் எதையாவது தின்றுவிட்டு, ஆறு மணிக்குள் கேட்டுக்குத் திரும்ப வேண்டும்.

போகிற வழியில் பாதி தூரம் யாரும் பேச மாட்டோம். இலை இருக்கும் நாளில் ரப்பர் தோட்டம் இருட்டாக இருக்கும், பத்து மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இலை கொட்டிய பிறகோ காட்டு ஓரம் வரைக்கும் பளிச்சென்று தெரியும். நாம் அவர்களைப் பார்க்கிறோமோ இல்லையோ, அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முதுகு சொல்லிக்கொண்டே இருக்கும். டயருக்கு அடியில் சருகு நொறுங்குகிற சத்தத்துக்கே பயப்படுவோம். ஒரு வருஷம் ரோட்டோரத்தில் எரிந்துபோன லாரி ஒன்று கிடந்தது. புகை இன்னும் அடங்கவில்லை. ஆறுமுகம் திரும்பிவிடலாம் என்றான். ராக்கம்மா திரும்பியே பார்க்காமல் சரிந்து சரிந்து மிதித்துக்கொண்டு போய்விட்டாள். கடலில் முழங்கால் வரை இறங்கி நின்று, சயாம் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் கேட்பாள், நானும் ஒவ்வொரு வருஷமும் வடக்கே கையைக் காட்டுவேன்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் லீவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு அறிவிப்பு வந்தது. எங்கேயோ ஒரு தோட்டத்தில் சைக்கிள் பைப்புக்குள் அரிசி அடைத்துக் கொண்டுபோனதைப் பிடித்துவிட்டார்களாம். இனி எந்த சைக்கிளானாலும் சீட்டைக் கழற்றிப் பார்த்துத்தான் விடுவார்களாம். பெரட்டில் அதைத் தமிழில் படித்தவன் நான்தான். ராக்கம்மா என்னிடம் வந்து, என் சீட் கழறாதே, என்ன செய்யலாம் என்று கேட்டாள். இந்த வருஷம் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பெரிய மனுஷனாக, துருப்பிடித்துவிட்டது என்று கேட்டில் நான் இங்கிலீஷில் சொல்கிறேன், நீ வா என்றேன். நாசமாய்ப் போன இங்கிலீஷ்.

அன்று கேட்டில் வழக்கமான காவல்காரர்களோடு ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரியும் நின்றார். ஆறுமுகத்தின் சைக்கிளையும் என்னுடையதையும் பார்த்து விட்டுவிட்டார்கள். ராக்கம்மாவின் சீட்டைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்ததும் அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவளை வேலிப்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கம்பியில் வைத்து நிற்கச் சொன்னார். இரண்டு பேர் சைக்கிளைத் தரையில் சாய்த்துப் பிடிக்க, ஒருவன் குறடு போட்டுத் திருகிச் சுத்தியலால் தட்டினான். கிறீச்சென்று சத்தம் வந்தது. சீட் கையோடு வந்துவிட்டது.

மேசைமேல் பேப்பரை விரித்து அந்தப் பைப்பைக் கவிழ்த்தார்கள். முதலில் தூசி வந்தது. பிறகு பழுப்பாக, வண்டரித்த அரிசி. கடைசியில் ஒரு குச்சியால் குத்தியதும் அடியில் அடைத்திருந்த கந்தல் துணி விழுந்தது. அதிகாரி காவல்காரர்களின் பால் டின்னை எடுத்து அளக்கச் சொன்னார். டின் நிறைந்தது. பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த அரிசியை யார் வைத்தது என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். ராக்கம்மா திரும்பாமலே, "எந்த அரிசி, கிராணி?" என்றாள்.

"ஒன் சைக்கிள்ல இருந்தது அக்கா. சீட்டுக்கு அடியில, பைப்புக்குள்ள."

 கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. முள் குத்தி ரத்தம் மணிக்கட்டுக்கு வழிந்தது, அவள் கையை எடுக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்த விஷயம் எனக்குப் புரியவில்லை. நான் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "எம்புருசன் வச்சது" என்றாள்.

அப்படியே சொன்னேன். உன் புருஷன் எங்கே என்றார். போனார், வரவில்லை என்றாள். அதையும் அப்படியே சொன்னேன். செத்துவிட்டானா என்றார். தெரியாது என்றாள். அதிகாரி மலாயாவில் ரொம்ப நாள் இருந்தவர். அவளைத் திருப்பி, நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலியையும் பார்த்தார். சயாமில் செத்ததற்குச் சேதி வராததால் தாலியைக் கழற்றாத பெண்கள் எங்கள் லயத்திலேயே நாலு பேர் இருந்தார்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்ததோ உயிரோடு இருக்கிற புருஷன், திரும்பாமல் எங்கேயோ இருக்கிற புருஷன், அவனுக்குப் போகிற அரிசி. அவர் காட்டுப் பக்கம் கையை நீட்டி, அங்கேயா இருக்கிறான் என்று கேட்டபோதுதான் நான் கூட்டிச் சொல்லாமல் விட்டது என்னவென்று எனக்கு உறைத்தது. இது ஜப்பான் காலத்து அரிசி, இவள் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அதன் பிறகு என்னென்னவோ சொன்னேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பேசு என்று அதட்டினார். அவளை லாரியில் ஏற்றினார்கள். சன்னாசி ஏறிய அதே திடல் வழியாகத்தான் அந்த லாரியும் போனது.

பதினாலு நாள் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். நாடு கடத்தப்போகிறார்கள் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். பிறந்த ஊரைவிட்டு, பார்த்தே இராத ஊருக்கு. நான் பெரிய துரையின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு சிரம்பானுக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் ஒரு சீன அரிசி வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் இரண்டு மணியை விரலில் நசுக்கி, மாவாய்ப் போனதைக் காட்டி, இது பத்து வருஷத்து அரிசி என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

தோட்டத்து லாரியில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.  பாதி வழியில், "எவ்ளோ இருந்துச்சு கிராணி? நான் பாக்கல" என்றாள்.

நான் ஒரு சொல் கூட்டாதவன், ஒரு சொல் குறைக்காதவன். "ஒரு பிடி அக்கா. அதுவும் பாதி தூசி. ஒரு வேளைக்குக்கூடக் காணாது" என்றேன்.

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒரு பிடிதானா" என்று சொல்லிவிட்டு மூச்சை விட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பொய் சொன்னதில் எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது மரமெல்லாம் புது இலை விட்டுத் தோட்டம் மறுபடியும் இருண்டுவிட்டது. இனி அந்த சீட் இறங்கும், அவள் சரியாமல் மிதிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அவள் லயத்துப் பக்கம் போனேன். வீட்டுப் பின்புறம் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. சீட் தரையில் கிடந்தது. ராக்கம்மா கையில் பால் டின்னோடு நின்றாள். பக்கத்தில் காய்ந்த மணல் ஒரு குவியல். டின்னை மணலால் நிரப்பி, விளிம்பைக் கையால் வழித்துவிட்டு, பைப்பின் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நடுவில் பைப்பைத் தட்டி, மணல் இறங்கியதும் மீதியை ஊற்றினாள். டின் காலியானபோது பைப் நிறைந்திருந்தது.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. காலி டின்னைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"டாக்டரு பத்து நாளைக்குத்தான் கேட்டாரு கிராணி" என்றாள்.