சிவப்புப் பொட்டு வைத்த ஞாயிறுகள்

"ங்ஙீ...ய்ய்ய்ங்!"

படுக்கையறையிலிருந்து வந்த சத்தம் கேட்டதும் புஷ்பவள்ளி தேநீர்த் தட்டை அவசரமாக மேசைமேல் வைத்தாள். சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லிக் கணவர் சன்னாசியிடம் மூன்று முறை கெஞ்சியிருந்தாள்.

"என்ன சத்தமது?" என்றார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த யோகாம்பாள் டீச்சர்.

"அது... பின்னால செம்பனைத் தோட்டத்துல புல்லு வெட்டுறாங்க, டீச்சர்."

டீச்சர் காதைச் சாய்த்துக் கேட்டார். "புல்லு வெட்டுற மெஷின் கியர் மாத்துமோ?"

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக் வரை பழைய கியர் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கும் கணக்கு டீச்சரிடம் எடுபடுகிற பொய்யா அது?

வந்திருப்பவர் சாதாரண விருந்தாளியும் இல்லை. டீச்சரின் மகள் சுகந்தினியும் புஷ்பவள்ளியின் மகன் கணேஸ்வரனும் ஒருவரை ஒருவர் விரும்பி, இரு வீட்டிலும் பேசி முடித்து ஐந்து மாதமாகிறது. ஜாதகம்கூடப் பொருந்திவிட்டது. நிச்சயதார்த்தத் தேதி மட்டும்தான் அமையவில்லை. டீச்சர் சொன்ன மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் 'நாள் சரியில்லை' என்று புஷ்பவள்ளி தள்ளிவிட்டாள்.

ஏன் தள்ளினாள்? அதற்கு அவளுடைய பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால், தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்கள் சிலரைப் பஸ்ஸில் ஏற்றி, சிப்பாங் கார்ப் பந்தயத் திடலைக் கூட்டிப் பெருக்கக் கொண்டுபோனார்கள். துடைப்பத்தோடு நின்ற புஷ்பவள்ளியின் கண்ணெதிரே ஒரு கார் வந்து நின்றது. இருபது பேர் பாய்ந்தார்கள். நாலு சக்கரம் கழன்றது, நாலு சக்கரம் ஏறியது, கார் பறந்துவிட்டது. லோரிக்கு ஒரு டயர் மாற்ற அரை நாள் எடுத்துக்கொள்ளும் மனிதர்களையே பார்த்து வளர்ந்தவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கட்டிய கணவரைப் பார்த்துக்கூட அவள் அப்படி உருகியதில்லை என்று சன்னாசி இன்றுவரை குறைபட்டுக்கொள்வார்.

இப்போது அவள் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைக் கணக்கெழுதும் கிராணி. குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுப்பது வேலை. பந்தயம் முடிந்த திங்கட்கிழமைகளில் லோரிக்காரர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு நகர மாட்டார்கள். எந்தச் சுற்றில் டயர் மாற்றியிருக்க வேண்டும் என்று அவளோடு மல்லுக்கு நிற்பார்கள். பின்னால் நிற்கும் லோரிகளின் ஹாரன் காதைக் கிழிக்கும்.

பந்தய நாட்கள் மறந்துவிடாதிருக்க, மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் நாள்காட்டியில் ஆண்டுத் தொடக்கத்திலேயே குங்குமப் பொட்டு வைத்துவிடுவாள். வினை அங்கேதான் தொடங்கியது. மகளின் காதுகுத்துக்கு நாள் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் புனிதவதி, "ஏங்க்கா, செவப்புப் பொட்டு வச்சதெல்லாம் ஆகாத நாளா?" என்று கேட்டாள். வாய் நிறைய இட்டிலியோடு இருந்த புஷ்பவள்ளி தலையை ஆட்டிவைத்தாள். அவ்வளவுதான். மூன்று வருடமாக அந்த வரிசையில் பதினெட்டு வீடுகளிலும் பந்தய ஞாயிறுகளில் ஒரு காதுகுத்து இல்லை, ஒரு வளைகாப்பு இல்லை. அவளும் திருத்தவில்லை. நிம்மதியாகப் பந்தயம் பார்க்கக் கிடைத்த வரத்தை யார்தான் திருப்பிக் கொடுப்பார்கள்?

"நான் பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் சொன்னனான்." டீச்சர் கைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "மூண்டும் நல்ல நாள். பிறகேன் வேண்டாமெண்டுறியள்? யாழ்ப்பாணத்துப் பிள்ளை உங்களுக்குச் சரிவராதெண்டால் நேரே சொல்லுங்கோ. சுகந்தினி நேற்று முழுக்க அழுதவள். இண்டைக்கு ஒரு முடிவு தெரியாமல் நான் எழும்பமாட்டன்."

புஷ்பவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் அற்ப ஆசைக்காக ஒரு பெண் கண்ணீர் விட்டாளா! இந்தச் சம்பந்தம் முறிந்தால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது? உள்ளே மறுபடியும் 'ய்ய்ய்ங்' என்றது. நாளைய பந்தயத்தில் யார் முன்னால் நிற்பது என்று முடிவுசெய்யும் தகுதிச் சுற்று சூடு பிடித்துவிட்டது போலும் என்று, அந்த நேரத்திலும் பாழாய்ப்போன மனம் கணக்குப் போட்டது.

"டீச்சர், சுகந்தினி தங்கமான புள்ள. நாளுங்க மேலயும் ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் இந்தப் பாவியால வந்தது. நீங்க சொன்ன மொத நாளு ஜப்பான். ரெண்டாவது மொனாக்கோ. மூணாவது இங்கிலாந்து."

"என்ன, நாடு நாடாச் சொல்லுறியள்?"

"கார் ரேஸ், டீச்சர்."

அவள் அறைக் கதவைத் திறந்து காட்டினாள். கைலியும் பந்தயத் தொப்பியுமாகக் கட்டிலில் இருந்த சன்னாசி பதறி எழுந்து கும்பிட்டார். கை டீச்சரைக் கும்பிட்டது, கண் தொலைக்காட்சியை விட்டு வரவில்லை. புஷ்பவள்ளி குங்குமப் பொட்டுக் கதையையும் ஒளிக்காமல் சொல்லி முடித்தாள்.

டீச்சர் சுவரில் தொங்கிய நாள்காட்டியை நிதானமாகப் புரட்டினார். "அப்ப இந்தத் தெருவே உங்கட கார் ஓட்டத்தைப் பார்த்துத்தான் காது குத்துதோ? ஜப்பான் எத்தனை மணிக்கு?"

"ரெண்டு வாரம் கழிச்சு, அந்த ஞாயித்துக்கெழம மதியம் ஒரு மணிக்கு."

"அண்டைக்கு ஒரு மணிக்குத்தான் நிச்சயதார்த்தம்."

புஷ்பவள்ளி கண்ணை மூடினாள். பந்தயம் தொடங்கும் ஐந்து சிவப்பு விளக்குகளும் மனத்துக்குள் ஒவ்வொன்றாக எரிந்தன, ஒருசேர அணைந்தன. "வைங்க, டீச்சர். என் புள்ள சந்தோஷத்த விடவா ஜப்பான் பெருசு?" குரல் நிஜமாகவே உடைந்தது.

டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சுழித்தது.

"சரி, காலம பத்து மணிக்கே தட்டு மாத்துவம். பன்னிரண்டு மணிக்கு உங்கட ஆக்களுக்குச் சாப்பாட்டை டப்பாவில கட்டித் தாறன். பந்தி போட முந்தி ஓடின சம்பந்தி எண்டு என்ர ஆக்கள் சாகுமட்டும் கதைப்பினம். அது உங்கட பாடு."

"பேசிட்டுப் போறாங்க லா, டீச்சர்!"

"இண்டைக்கு இது எத்தனை மணிக்கு முடியும்?"

"நாலு மணிக்கு. கடைசிப் பத்து நிமிசத்துலதான் உசுரே இருக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பது. டீச்சர் எழுந்தார். விருந்தாளி கண்ணுக்கு மறையுமுன் கதவைச் சாத்துவது மரியாதை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். டீச்சர் வாசலில் நின்று செருப்பு வாரை ஒன்றுக்கு இரண்டு முறை சரிசெய்தார். முற்றத்துச் செடியின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கறிவேப்பிலைக்கு என்ன உரம் போடுறியள்?"

"மாட்டு எருவு, டீச்சர்."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

உள்ளேயிருந்து சன்னாசியின் "ஐயய்யோ!" கேட்டது. புஷ்பவள்ளியின் கால் கட்டைவிரல் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது.

"மாசத்துக்கு... மாசத்துக்கு ஒருக்கா."

"அந்த வாழை என்ன இனம்?"

வாழை முடிந்து மிளகாய், மிளகாய் முடிந்து கோழிக்கூடு. பிறகு டீச்சர் காரில் ஏறிக் கண்ணாடியைத் திருப்பினார், இருக்கையை நகர்த்தினார், இருக்கை வாரைப் போட்டார்.

"என்ர பிள்ளை ஒரு நாள் முழுக்க அழுதவள்," என்றார் ஜன்னல் வழியாக, கண்ணில் குறும்பு மின்ன. "நீங்கள் பத்து நிமிஷம்தானே நிண்டியள், சம்பந்தி."

கார் தெருமுனையில் திரும்பியது. புஷ்பவள்ளி இரண்டு கையாலும் கதவைச் சாத்தினாள்.