சர்ச்சுக்கு வெளியே நின்றவன்

என் மனைவி கிறிஸ்தவள். நான் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் ஓர் அறையில் குடியிருந்தோம். குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை சைக்கிளில் உட்காரவைத்து, காவிரிப் பாலம் தாண்டித் திருச்சியில் இருந்த சர்ச்சுக்குக் கூட்டிப்போவேன். அவள் உள்ளே போவாள். நான் வெளியே நின்று பேப்பர் படிப்பேன்.

"உள்ள வந்து உக்காருங்களேன், வெயிலா இருக்கு" என்பாள்.

"நீ போயிட்டு வா."

அவள் வற்புறுத்தியதில்லை. ஆனால் ஜன்னல் வழியாகப் பிரசங்கம் கேட்கும். சில நாள் பேப்பரைப் புரட்டாமலே நின்றுவிடுவேன். அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். என் அண்ணன் வந்து, "ஊருக்கு வந்துடு, வேற பொண்ணு பார்ப்போம்" என்றார். நான் போகவில்லை. அடுத்த ஞாயிறு தனியாக சைக்கிளை மிதித்துப் போய், முதல்முறையாக சர்ச்சுக்குள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு எல்லா ஞாயிறும் போனேன். அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். ஞானஸ்நானம் வாங்காதவனுக்கு அது கிடையாது; பெஞ்சு வரிசையில் நான் மட்டும் மிச்சம்.

சில மாதம் கழித்துப் போதகரிடம் ஞானஸ்நானம் கேட்டேன். அவர் நிதானமான மனிதர்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஆண்டவருக்காக வரீங்களா, உங்க வீட்டம்மாவுக்காக வரீங்களா?"

"தெரியலீங்க ஐயா."

"தெரியறப்போ வாங்க. அவசரமில்ல."

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அவள் நினைவுக்காக ஞானஸ்நானம் வாங்கினால் அவளையும் ஆண்டவரையும் சேர்த்து ஏமாற்றுவதாகாதா என்று பயம். போகாமல் இருக்கவும் முடியவில்லை. ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை முடித்து வந்து, உலை வைத்து, ஒருவனாகச் சாப்பிட்டுப் படுப்பேன். நாள் முழுக்க ஆபீஸ் பேச்சைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்தேன். தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லை. அவள் போன பிறகும், முடியாதபோது எப்போதும் அவளைத்தான் கூப்பிடுவேன். அன்று மதியம் என் வாய், "ஆண்டவரே, பக்கத்துல இருங்க" என்றது. சொன்ன பிறகுதான் கவனித்தேன், அந்த நேரம் அவளை நான் நினைக்கவே இல்லை. அவளுக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல அழுதேன். அழுகை அடங்கியபோது, ஆண்டவரிடம் நான் பேசத் தொடங்கி ரொம்ப நாளாகிவிட்டது என்று புரிந்தது.

உடம்பு தேறியதும் ஊருக்குப் போய், ஞானஸ்நானம் வாங்கப்போவதாக அண்ணனிடம் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப இனிமே நீ ஒத்தையாத்தான் இருக்கணும்."

"இப்பவும் ஒத்தையாத்தாண்ணே இருக்கேன்."

போதகரிடம், "இப்பத் தெரியுதுங்க ஐயா" என்றேன். அவர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்.

ஞானஸ்நானத்தன்று என் பக்கம் ஒருவரும் வரவில்லை. போதகரின் மனைவி காபி கொடுத்தார். வீடு திரும்பிப் பூட்டைத் திறந்தால் அறை அப்படியே இருந்தது. தனிமை தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன், தீரவில்லை. ஆனால் அது முன்போல என்னை மிரட்டவில்லை. உட்கார்ந்து ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டேன்.

அண்ணன் வெகுகாலம் பேசவில்லை. பிறகு ஒரு தை மாதம், எங்கள் வயலில் அறுத்த புது அரிசி கொஞ்சம் ஆள்மூலம் கொடுத்தனுப்பினார். அவர் வரவில்லை.