பாட்டுப் பலகையில் காணாமல் போன எண்

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பலகையில் நடு எண் இல்லை.

ஆலயத்தில் பீடத்துக்கு வலப்புறம் தொங்கும் கறுப்புப் பலகை அது. அன்றைக்குப் பாடவேண்டிய பாட்டின் எண்ணை மர அட்டைகளாகச் செருகி வைப்போம். சபைச் செயலாளர் நான். முந்தின நாள் மாலை செருகியதும் நான்தான். இடது கண்ணில் ஏதோ உறுத்த, கசக்கிக்கொண்டே பலகையைப் பார்த்தேன். மூன்று இலக்கங்களுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறக் குழி.

அட்டை விழுந்துவிட்டது என்று நினைத்தேன். ஆராதனையின் நடுவே எழுந்து, குனிந்தபடி சுவரோரமாகப் போய்ப் பலகையைத் தடவினேன். விரலுக்கு எண் இருந்தது. கண்ணுக்கு இல்லை.

நோய் வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எழுந்து போய் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான். இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போன்றவர்கள் இருப்பீர்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசி முடிக்கிறவர்கள், யாருக்கோ இரத்தம் வேண்டுமென்றால் போனை எடுக்கிறவர்கள், பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களின் வகுப்பையும் பார்த்துக்கொள்கிறவர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு கண் மருத்துவமனை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு உட்கார வைத்தார்கள். வராந்தா முழுக்க வெளிச்சம் உருகி வழிந்தது. பிறகு ஓ.சி.டி. (விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுத்தார்கள். மருத்துவர் என் மனைவி ஜெயாவின் வயதுள்ள பெண். திரையில் ஒரு சிறிய மேட்டைக் காட்டினார்.

"சென்ட்ரல் சீரஸ் ரெட்டினோபதி" (விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது) என்றார். "பெரும்பாலும் தானா வடிஞ்சிரும். வடியலேன்னா லேசர் பாக்கலாம். ஆனா ரொம்ப நாள் நின்னா பார்வையில நிரந்தரமா மங்கல் விழலாம்."

ஸ்டீராய்டு எதுவும் எடுக்கிறேனா என்று கேட்டார். இல்லை. தூக்கம்? நான் யோசிப்பதற்குள் கூட வந்திருந்த ஜெயா சிரித்துவிட்டாள்.

"ஒரு நாளில உங்களுக்குன்னு அரைமணி நேரமாவது உண்டா?"

"குளிக்கும்போது" என்றேன்.

"அதுக்கும் இவிய போனைக் கொண்டுல்லா போவாவ" என்றாள் ஜெயா.

மருத்துவர் சிரிக்கவில்லை. மன அழுத்தம் மட்டுமே காரணமில்லை, ஆனால் அதற்குப் பெரிய பங்கு உண்டு, ஓய்வும் இங்கே சிகிச்சைதான் என்றார். சீட்டில் எழுத மருந்து இல்லாததால் எனக்குப் பயம் கூடியது. மாத்திரை என்றால் விழுங்கிவிடலாம். சும்மா இருப்பதை எப்படி விழுங்குவது?

ஒரு மாலை புதுக்கடையில் பஸ் மாறி முட்டம் கடற்கரைக்குப் போனேன். ஓய்வு என்றால் கடல் என்று யாரோ என் தலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாறையில் உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்தினேன். கலங்கரை விளக்கம் இடுப்பொடிந்து நின்றது. பொத்தினேன், திறந்தேன், மறுபடி பொத்தினேன். அலைகளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் அருகே நின்றார்.

"என்ன அண்ணே, வீட்டுல சண்டையா?"

"இல்ல."

"கடன் வல்லதும் உண்டா?"

"இல்ல. சும்மா இருக்கேன்."

"சும்மா ஆராவது இருப்பாவளா?" வலையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க எந்திரிச்சுப் போனாத்தான் எனக்குப் போவ முடியும்."

அந்த நேரம் பார்த்து ஜெயா கூப்பிட்டாள். அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். "ஆளு இங்க பாறையிலதான் இருக்காரு. பயப்படாண்டாம். நான் காவலுக்கு உண்டு."

அதுவரை பயப்படாத ஜெயா அப்போது பயந்தாள். தன் தம்பியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நான் பஸ் இறங்குவதற்குள் செய்தி போதகரை எட்டியிருந்தது. 'செயலாளருக்கு மனசு சரியில்லை.' வரும் சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? சபையிலிருந்து நாற்காலிகளை ஆட்டோவில் ஏற்றி வந்தேன். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். டீக்குச் சொன்னேன். டீயோடு கொடுக்கும் பழம்பொரி போதுமா என்று கடைக்காரரிடம் இரண்டுமுறை கேட்டேன்.

முற்றத்தில் நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தபோது ஜெயா வந்தாள். "ஜெபம் ஆருக்கு? உங்களுக்கா, நாற்காலிக்கா?"

"வாறவிய எங்க இருப்பாவ ஜெயா?"

"கண்ணு போனா நீங்க எங்க இருப்பிய?"

இன்னொரு நாற்காலியை நேராக்கினேன். கேட்டுக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

போதகர் கண்மூடி என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். எல்லோரும் கண்மூடியிருந்தார்கள். நான் மட்டும் ஒரு கண்ணை. எதிரே ஜெயா. வலது கண்ணால் பார்த்தேன். கூந்தல் இருந்தது, கம்மல் இருந்தது, சேலைக் கரை இருந்தது. முகம் இல்லை. மூக்கும் வாயும் இருந்த இடத்தில் ஈரச் சாம்பல். ஒரு எண்ணை விழுங்கிய குழி இப்போது ஒரு முகத்தை விழுங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

எழுந்தேன். அப்போதும் என் கால்கள் டீ ஆறிவிடுமே என்று அடுக்களைக்குத்தான் போயின. ஜெயா பின்னால் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என் முகம் தெரியல்லியா?"

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"போய்க் கிடங்க."

"இவ்வளவு பேரு வந்திருக்காவ…"

"உங்களுக்காகத்தான வந்திருக்காவ. நீங்க ஒறங்கினாலும் கடவுளுக்குக் கேக்கும்."

போனை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். கதவுக்கு அப்பால் பாட்டு தொடங்கியது. எனக்காகப் பாடுகிறார்கள், நான் அங்கே இல்லை. வெட்கமாக இருந்தது. இரண்டாம் பாட்டின் நடுவிலோ எங்கோ உறங்கிப்போனேன். விழித்தபோது வீடு காலியாக இருந்தது. நாற்காலிகளை யாரோ கோணல்மாணலாக அடுக்கியிருந்தார்கள். ஆனாலும் அடுக்கியிருந்தார்கள்.

மறுநாள் போதகரிடம் செயலாளர் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பிறகு தினமும், பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் அரைமணி நேரம் படுக்கை. அதே அறை, அதே அரிசிப் பானை. அது அமைதியாக இருக்கும் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். முதலில் கை போனைத் தேடியது. யாரோ கூப்பிடுவதுபோல் காது விடைத்தது. அணைத்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும் பழைய லாரி போலக் கிடந்தது உடம்பு. 'டென்ஷன் ஆகாதீங்க' என்று சொன்னவர்கள்மேல் எரிச்சல் வந்தது. சரியாக ஓய்வெடுக்கிறேனா என்ற கவலையும் வந்தது. மருத்துவரிடம் சொன்னேன்.

"அதுவும் வேலைதான். நல்லா ஓய்வெடுக்கணும்னு இல்ல. படுத்தா போதும்" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்கு உதவியது. படுத்தேன். சில நாள் உறக்கம், சில நாள் வெறும் ஃபேன் சத்தம். அடுத்தடுத்த படங்களில் மேடு தாழ்ந்தது. லேசர் தேவைப்படவில்லை. அரைமணி நேரம்தான் காப்பாற்றியதா, தானாகவே வடிந்ததா, எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேறு மாதிரி நடக்கலாம், மருத்துவரை விட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு நெளிவு மிச்சமிருக்கிறது. வலது கண்ணுக்கு மட்டும் ஜன்னல் கம்பி ஓரிடத்தில் லேசாக நெளியும், ஜெயாவின் உதடும்.

போன ஞாயிறு ஆலயத்தில் போதகர் ஒரு பாட்டெண் சொன்னார். பலகையில் வேறு எண். என் கண்தான் ஏய்க்கிறதோ என்று இடது கண்ணைப் பொத்தினேன். மூன்று இலக்கங்களும் இருந்தன, நடு எண் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்து. ஆனால் தப்பான எண்.

முழங்கால் தானாக நிமிர்ந்தது.

"பலகையில எண்ணைத் தப்பாட்டு போட்டிருக்காவ" என்று ஜெயா கிசுகிசுத்தாள்.

"தெரியும்."

முழங்காலின்மேல் கையை வைத்துக்கொண்டேன். முன்வரிசைகள் ஒரு பாட்டையும் பின்வரிசைகள் இன்னொரு பாட்டையும் தொடங்கின. ஆர்கன் தடுமாறியது. பாட்டில் ஒரு அடி போயிற்று, இன்னொரு அடி. யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து குரலை உயர்த்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் குரல்களும் அவளிடம் வந்து சேர்ந்தன. இரண்டாம் சரணத்தில் அது ஒரே பாட்டு.

நானும் பாடினேன், உட்கார்ந்தபடி.