ஆகாயத்தாமரைக்கு அடியில்

கள்ளிக்குப்பம் கோமளாவுக்கு நாற்பத்தொன்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடி பிசிறு வெட்டி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வீடு வந்து சேரும்போது செருப்பைக் கழற்றக்கூட அலுப்பாக இருக்கும்.

மகன் விக்ரம் புனேயில் வேலை கிடைத்துப் போனபோது வாசல் சிமெண்ட் தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷை விட்டுப்போனான். வெயில் படாமலிருக்க நாலு ஆகாயத்தாமரை மிதந்தது. அது நாலோடு நிற்கிற செடியா? வாரா வாரம் குட்டி போட்டுப் பரவும். ஞாயிறுதோறும் பாதியை அள்ளிப் போட்டுவிட வேண்டும், மொத்தமாக மூடினால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

ஆடியில் மூன்று ஞாயிறு ஓவர்டைம். இவள் அள்ளவில்லை. நாலாவது வாரம் இலையை விலக்கினால், வேருக்கு நடுவே இரண்டும் செத்துக் கிடந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அப்புறம் செய்ததுதான் கூத்து. ஞாயிறன்று வீடியோவில் வந்ததும் மீன் எப்படியிருக்கிறது என்றுதான் விக்ரம் முதலில் கேட்பான். இவள் ஃபோனைத் தொட்டிப் பக்கம் காட்டி, அடியில் இருக்கிறது என்பாள். அதற்காகவே சனிக்கிழமை வேலை விட்டு வந்து, பழுத்த இலையைக் கிள்ளி, இடைவெளி தெரிந்த இடத்துக்குச் செடியை நகர்த்தி, பொட்டுத் தண்ணீர் தெரியாமல் மூடிவைப்பாள். இப்படி மூடிக்கிடக்கிறதே, ஏன் அள்ளவில்லை என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. தப்பித்தோம் என்று இவளும் விட்டுவிட்டாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் லீவில் வந்தான். இரண்டு நாளும் கோமளாவுக்குச் சோறு இறங்கவில்லை. எப்போது தொட்டியைக் கிளறுவானோ என்று பயம். அவனோ தூங்கினான், ஃபோன் பார்த்தான், மறுபடி தூங்கினான். தொட்டிப் பக்கம் திரும்பவேயில்லை. கிளம்பும் நாள் அவன் ஷூ மாட்டும்போது, அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"நைனா, மீனு ரெண்டும் ஆடியிலயே செத்துப்போச்சு. நான்தான் சொல்லாம மறைச்சுகினு இருந்தேன்."

"அதுக்கா மூஞ்ச இப்படி வெச்சுகினு கீறே? வுடும்மா. போன்ல உன்னாண்ட இன்னா பேசறதுன்னு தெரியாமத்தான் மீனைக் கேப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் எதைக் கேட்பான், கூப்பிடத்தான் செய்வானா என்று தெரியாமல் கோமளா வாசலிலேயே நின்றாள்.